ஏலத்தில் எடுத்த மூன்று பாட்டில்கள்

என்னை இன்னும் மூச்சோடு வைத்திருக்கிற ஆண்டவருக்கு முதலில் நன்றி சொல்கிறேன். அதன் பிறகு எனக்கு நடந்த துரோகத்தைச் சொல்கிறேன். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் இது பாதிச் சாட்சி. பாதி மட்டும் சொல்வதால் ஆள் சாகக்கூடும் என்பதை இந்த ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. ஜமுனாமரத்தூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைச் சிற்றூரில் இருக்கிறேன். இருபத்தொன்பது வருடம் மலைப்பொருள் வாங்கும் சங்கம் ஒன்றில் எடை எழுத்தராக இருந்தேன். புளி, தேன், சாமை, கடுக்காய், எது வந்தாலும் நிறுத்து எழுதுவது என் வேலை. அதனால் எதையும் எண்ணாமல் விட மாட்டேன். சோற்றை எத்தனை தடவை மெல்லுகிறேன் என்றுகூட எண்ணுவதாக என் மனைவி எஸ்தர் குறை சொல்வாள். பொய் இல்லை. எனக்குக் கவலை அதிகம். எண்ணினால் கொஞ்சம் அடங்கும்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு என் வலது கை நடுங்கத் தொடங்கியது. நான் எழுதிய எட்டை மற்றவர்கள் மூன்று என்று படித்தார்கள். திருப்பத்தூரில் ஒரு மருத்துவர் சின்ன மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். பெயர் ப்ரோப்ரனோலால். பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்தது, இதயத் துடிப்பை நிதானப்படுத்தும், கை நடுக்கத்துக்கும் கேட்கும் என்றார். காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு மாதத்தில் என் எட்டு எட்டாகவே விழுந்தது. பதின்மூன்று வருடம் அதை விடாமல் சாப்பிட்டேன்.

இனி ஞானமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் முப்பத்தொரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். எனக்கு டைபாய்டு வந்தபோது பஸ் இல்லாத நாளில் என்னை பைக்கில் கட்டி உட்கார வைத்து மலை இறக்கியவர் அவர். அவர் மகன் கல்யாணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. என் கூடப்பிறந்தவன் ஒருவன் திருவண்ணாமலையில் இருக்கிறான். அவனிடம் சொல்லாததையும் ஞானமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சபையில் நவம்பர் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்போம். சாமை மூட்டை, பூசணி, தேன், கோழி, வீட்டில் எது நல்லதோ அது. போதகர் எல்லாவற்றின் மேலும் ஜெபிப்பார். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்ததை விற்கக் கூடாது, வீசக் கூடாது, வீட்டார் தின்று தீர்க்க வேண்டும். ஜெபித்த பொருள் அல்லவா? பூசணி உள்ளே அழுகியிருந்தாலும் நல்ல பாகத்தை வெட்டிச் சமைப்போம்.

அந்த வருடம் ஞானமுத்து பன்னிரண்டு பாட்டில் சூரணம் கொண்டுவந்து வைத்தார். தவிட்டு நிறத்தில் பொடி. லேபிள் கிடையாது. திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் ஒரு மருந்துக்காரரிடம் மொத்தமாக வாங்கியதாம். மூட்டு வலி போகும், ஈரலைச் சுத்தம் செய்யும் என்றார்கள். எனக்கு இரண்டு முழங்காலும் வலி. கை தூக்கினேன். ஏலம் போட்டவன் மணியடித்து சபையின் சில்லறை வேலைகளைப் பார்க்கிற கோயில் பிள்ளை. அவன், "சாரே, கை தூக்கறீங்களா, இல்ல பழைய நடுக்கமா? பாத்துச் சொல்லுங்க, பேரு எழுதிடுவேன்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று பாட்டில் எடுத்தேன். மீதி ஒன்பது, ஆறு வீடுகளுக்குப் போயின. ஒவ்வொரு பாட்டில் போனபோதும் ஜனங்கள் கைதட்டினார்கள்.

அன்று டீ குடிக்கும்போது ஞானமுத்து என் பக்கத்தில் வந்தார். "சாரே, இத துன்னும்போது அந்த இங்கிலீஷ் மாத்திரை வாணாம். அதான் ஈரலை அரிக்குமாம். ஜெபிச்ச பொருள் மேல நம்பிக்கை வெச்சா முழுசா வெக்கணும்" என்றார்.

வைத்தேன். நாற்பத்தாறு மாத்திரை மீதி இருந்தது. வீட்டுக்குப் போனதும் குப்பைக் குழியில் போட்டு மண் தள்ளினேன். அன்றிரவே பொடியைத் தொடங்கினேன்.

நான்காம் நாள் நெஞ்சு படபடத்தது. நாடியைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று நான்கு. அதற்கு முன்பு அறுபத்தாறைத் தாண்டியதில்லை. கை மறுபடி நடுங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று ஞானமுத்து சொன்னார். நம்பினேன். எண்பதாம் நாள் சிறுநீர் கடும் டீ போல இறங்கியது. உடம்பெல்லாம் அரிப்பு. அவரிடம் போய்க் காட்டினேன். "உள்ள கீற கெட்டது வெளிய வருது. நல்ல அறிகுறி சாரே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலியில் இருந்த ஓணானைப் பார்த்தார். ஏன் என்று எனக்கு அன்று புரியவில்லை.

தொண்ணூற்றேழாம் நாள் வயிறு பானை போல வீங்கிவிட்டது. கண் மஞ்சள். படி இறங்கும்போது விழுந்தேன். ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மலை இறங்கும்போது வளைவுகளை எண்ணுவது என் வழக்கம். அன்று எண்ணவில்லை. அப்போதே எஸ்தர் பயந்துவிட்டாளாம்.

மருத்துவமனையில் முதல் ஐந்து நாள் நான் பட்ட அவமானம் கொஞ்சம் இல்லை. வாயில் ஒரு சொட்டுச் சாராயம் படாதவன் நான். கட்டிலுக்கு அருகே வந்த ஆயா, "குடிக்கும்போது நல்லாத்தான் கீது, இப்ப பாரு" என்று என் காதுபட முனகினாள். சபையிலிருந்து வந்தவர்கள் இது சோதனை என்றார்கள். எஸ்தரின் தம்பி யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றான். ஞானமுத்து ஒரு தடவை வந்தார். வாசலிலேயே நின்று, கழிவு இறங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் உறுதியாகப் பேசினார்கள். ஆளுக்கு ஓர் உறுதி.

குணமாக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜெபித்த பொருளைத் தின்று இப்படி ஆனவன் இன்னும் என்ன ஜெபிப்பது? ஆண்டவரே என்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். மறைக்கவில்லை, நினைத்தேன். ஆறாம் நாள் விடியும்போது சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "பிழைக்க வைக்காவிட்டாலும் பரவாயில்லை. உண்மை பேசுகிற ஒரே ஓர் ஆளை என்னிடம் அனுப்பும்." அவ்வளவுதான் ஜெபம். ஆமென் கூடச் சொல்லவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண் மருத்துவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குடிப்பீங்களாய்யா?"

"இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

"சரி" என்று எழுதினார். அவ்வளவுதான். நம்பினார். எனக்குக் கண் கலங்கியது.

"நாட்டு மருந்து, லேகியம், பொடி ஏதாவது?"

"இல்லம்மா" என்றேன்.

இதைக் கவனியுங்கள். இதே கேள்வியை இதற்கு முன் இரண்டு மருத்துவர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டு பேரிடமும் இல்லை என்றே சொன்னேன். பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் காணிக்கைப் பொருள். அதை மருந்தோடு சேர்த்து எண்ண எனக்குத் தோன்றவே இல்லை. எதையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணவில்லை.

எஸ்தர்தான், "ஏங்க, அந்த ஏலத்து பாட்டிலு?" என்றாள்.

"ஏலத்து பாட்டிலா? அது இன்னா சரக்கு?" என்று பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். வார்டே சிரித்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் வந்தது. முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்ன கலந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்க கல்லீரல் ஏதோ நஞ்சால அடிபட்டிருக்கு. இதுமேலதான் எனக்குச் சந்தேகம். இனிமே ஒரு சிட்டிகைகூட வேண்டாம்."

குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருந்தன. கல்லீரலுக்குள் ரத்தம் போக வழி அடைபட்டு அழுத்தம் ஏறியிருக்கிறது, புடைத்த நாளம் வெடித்தால் ஆபத்து என்று விளக்கினார். ரத்த அழுத்தம் நிலைப்படும்வரை மூன்று நாள் காத்திருந்தார். பிறகு ஒரு மாத்திரை எழுதினார். சீட்டை வாங்கிப் படித்தேன். ப்ரோப்ரனோலால்.

"அம்மா, இதைத்தான் நான் குழியில போட்டுப் புதைச்சேன். ஈரலை அரிக்கும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

நான் சீட்டை மடித்தேன். அப்போதும் ஞானமுத்துவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் நிதானமாகச் சொன்னார். "கல்லீரலுக்குப் போற ரத்தத்தோட அழுத்தத்தை இது குறைக்கும். அதுக்காகத்தான் தரேன். அது டாக்டருங்களுக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். நஞ்சால அடிபட்ட கல்லீரல் தன்னைத் தானே சரிபண்ணிக்க இந்த வகை மாத்திரை உதவுமான்னும் ஆராய்ச்சி பண்றாங்க. எலிங்களுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. மனுஷனுக்கு அப்படி ஆகும்னு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லல. அதைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்."

"நான் நிறுத்தாம இருந்திருந்தா இந்த நஞ்சு என்னை இவ்வளவு அடிச்சிருக்காதா?"

"தெரியாதுங்கய்யா."

"பிழைப்பேனா?"

"பொடியை நிறுத்தினா மெல்ல இறங்கும்னு நெனைக்கிறேன். உறுதியா தெரியாது. தினம் காலையில நாடி எண்ணுங்க. ஐம்பத்தஞ்சுக்குக் கீழ போனா மாத்திரை போடாம எனக்குச் சொல்லுங்க. எண்ண வருமா?"

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

சகோதரரே, சகோதரிகளே, தெரியாது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கேட்ட ஆள் இவர்தான். உறுதியாகப் பேசியவர்கள் எல்லோரும் என்னைக் குழியருகே கொண்டுபோனார்கள். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்ன ஒருவரை ஆண்டவர் நாற்காலி போட்டு என் அருகில் உட்கார வைத்தார். அன்று முழுமனதோடு ஸ்தோத்திரம் சொன்னேன்.

பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் மாத்திரை வாங்கத் திருப்பத்தூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றோம். கடைக்காரர் வாணியம்பாடி பாய். சீட்டைப் பார்த்தார், ஊரைக் கேட்டார்.

"உங்க ஊரு ஞானமுத்து அய்யா நல்லா கீறாரா? அவருக்கும் இதே மாத்திரைதானே. அஞ்சு வருஷமா நம்ம கடையிலதான் வாங்குறாரு. நடுவுல ஏதோ பொடியை நம்பி நாலு மாசம் ஆளே வரல. போன வருஷம் பக்ரீத் சமயத்துல வந்தாரு, கண்ணு மஞ்சளா. நான்தான் சத்தம் போட்டு டாக்டராண்ட அனுப்புனேன். பொடியை நிறுத்துனதும் தேறிட்டாரு. சொல்லலியா உங்ககிட்ட?"

சொல்லவில்லை.

நான் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்ரீத்துக்கும் எங்கள் அறுப்பின் பண்டிகைக்கும் நடுவில் ஐந்தரை மாதம். ஐந்தரை மாதமாகத் தெரிந்த ஒன்றைப் பீடத்துக்கு முன் வைத்திருக்கிறார். தெரிந்தே என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். தான் விழுங்குகிற மாத்திரையையே எனக்கு வேண்டாம் என்றிருக்கிறார். தெரிந்தே நல்ல அறிகுறி என்றிருக்கிறார். என் ஈரல் அடைந்த வலியைவிட இது பெரிது.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். பாய் சொன்னதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"வூட்ல வெச்சிக்க பயமா இருந்துச்சு சாரே. காசு குடுத்து வாங்குனத குப்பையில போடவும் மனசு வரல. கர்த்தர் முன்னால வெச்சு ஜெபிச்சா அதுல கீற கெடுதி போயிடும்னு நெனச்சேன்."

"போவலன்னு ஆஸ்பத்திரியில என் கண்ணப் பாத்ததுமே தெரிஞ்சிதா, இல்லியா?"

"தெரிஞ்சிது."

"அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"வெக்கமா இருந்துச்சு. சபையில என் பேரு என்னாவறது?"

மீதி ஒன்பது பாட்டிலைத் திரும்ப வாங்க என்னோடு வரச் சொன்னேன். வர மாட்டேன் என்றார். புளியைக் கிளறிக்கொண்டே சொன்னார். முப்பத்தொரு வருடத்தின் விலை ஒரு பெயர்.

கால் வீக்கத்தோடு நானும் எஸ்தரும் ஆறு வீடும் ஏறி இறங்கினோம். ஐந்து வீட்டில் ஏழு பாட்டில் கிடைத்தன. நல்லவேளை, நான்கு திறக்கவே இல்லை. தின்றவர்களைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஆறாவது வீடு ரெபேக்காவுடையது. அறுபது வயது, விதவை. ஞானமுத்துவின் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் கொண்டுவந்த காணிக்கை என்ற பெருமையில் இரண்டு பாட்டில் எடுத்தவள். ஒன்றை முடித்து இரண்டாவதில் பாதியில் இருந்தாள். கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. கையைச் சொறிந்துகொண்டே பேசினாள்.

"எங்கண்ணன் கர்த்தருக்குக் குடுத்தது சாரே. உங்களுக்கு ஒத்துக்கலன்னா ஊருக்கே ஒத்துக்காதா? உங்களுக்குக் காபிகூடத்தான் ஒத்துக்காது."

"ரெபேக்கா, உங்கண்ணனும் இதத் துன்னு மஞ்சளானவர்தான்."

"எங்கண்ணன் மேல பொறாமையில பேசாதீங்க" என்று கதவைச் சாத்தினாள்.

இரண்டாம் தடவை போனேன். கதவே திறக்கவில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டாள். சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்க மாட்டார். நடுவில் ஒரு உயிர். எஸ்தரும் நானும் ஒன்பது நாள் ஜெபித்தோம். எஸ்தர் ரெபேக்காவுக்காக ஜெபித்தாள். நான் என்ன ஜெபித்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஞானமுத்து சபை நடுவில் தலைகுனிய வேண்டும் என்று ஜெபித்தேன்.

பத்தாம் நாள் மூன்றாவது தடவையாகப் போனேன். கதவு திறந்திருந்தது. ஞானமுத்து அங்கே நின்றுகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை.

"சாரு சொன்னது நெஜம். நானும் துன்னேன், மஞ்சளானேன். தெரிஞ்சேதான் கோயில்ல வெச்சேன், ரெபேக்கா."

அவள் கையைச் சொறிவதை நிறுத்தினாள்.

"எனக்குக்கூடவாண்ணே?"

அவர் அழுதார். "நீ கை தூக்கும்போதே சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். எல்லாரும் கைதட்டிட்டாங்க."

ரெபேக்கா பாட்டிலை எடுத்து வந்தாள். அண்ணனிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தாள். அன்று மதியமே அவளை அந்த மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சீக்கிரம் வந்துவிட்டாள் என்றார். இரண்டு மாதத்தில் அவள் ரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டது.

நான் கேட்டது ஞானமுத்துவின் அவமானம். ஆண்டவர் கொடுத்தது ரெபேக்காவின் உயிர். என் ஜெபத்தில் இருந்த விஷத்தை வடிகட்டிவிட்டு எஸ்தரின் ஜெபத்தைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

இன்று என் வயிற்று வீக்கம் வடிந்துவிட்டது. கண்ணில் மஞ்சள் போய்விட்டது. கல்லீரலில் தழும்பு இருக்கிறது, அது போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தினமும் நாடி எண்ணுகிறேன், இன்று காலை அறுபத்திரண்டு. அந்தச் சின்ன மாத்திரைதான் என் ஈரலைத் திரும்ப வளர்த்தது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். பொடியை நிறுத்தியதால் தேறினேனா, மாத்திரையும் சேர்ந்து உதவியதா, மருத்துவருக்கே தெரியாது. என் கதையைக் கேட்டு யாரும் அதைத் தானாக வாங்கி விழுங்க வேண்டாம். சாப்பிடுகிறவர்கள் என்னைப் போலத் தானாக நிறுத்தவும் வேண்டாம். எங்கள் சபையில் இப்போது காணிக்கையில் மருந்து எதுவும் வைப்பதில்லை.

நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். நான் ஏமாந்தது அவரிடம் அல்ல. ஜெபித்துவிட்டால் மனிதன் உண்மை சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்த எங்களிடம்தான். அவரிடம் கசப்போடு கேட்டாலும் கேளுங்கள், பதில் தருகிறார். கேட்டுவிட்டு, வாயில் போடுகிற ஒவ்வொன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது பீடத்திலிருந்தே வந்திருந்தாலும்.

ஞானமுத்துவை மன்னித்துவிட்டேன் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சாட்சி என்று சொல்லிவிட்டுப் பொய் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். வாய்தான் சொல்கிறது. இப்போது நான் வேறு பெஞ்சில் உட்காருகிறேன். என் ஈரலுக்காக ஜெபித்தவர்கள் அனைவருக்கும் நன்றி. அது தேறிவிட்டது. இனி என் மனதுக்காக ஜெபியுங்கள்.